மிருக வைத்திய நிலையத்தில் தாதியின் வேலை எங்கே தொடங்குகிறது?

உயர்தரத்தில் உயிரியல் படித்து முடித்துவிட்டு, திருகோணமலை நகரில் ஒரு தனியார் மிருக வைத்திய நிலையத்தில் அடுத்த மாதம் உதவியாளராகச் சேரப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். மிருகத்தைக் கொண்டு வருபவரோடு எப்படிப் பேசுவது, நாயையும் பூனையையும் எந்த ஒழுங்கில் பரிசோதிப்பது, சீறி வரும் பூனையை எப்படிப் பிடிப்பது என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இதே ஊரில் இதே வேலையில் பல வருடங்களைக் கழித்தவள் என்ற முறையில், முதலாவது கேள்விக்கே கூடிய இடத்தை ஒதுக்கப் போகிறேன். வெப்பமானி வைக்கவும் நாடி பிடிக்கவும் ஒரு சில கிழமைகளில் பழகிவிடலாம். வளர்ப்பவரின் வாயிலிருந்து நடந்ததை நடந்தபடி வரவழைக்கப் பழகுவதற்கு வருடங்கள் செல்லும்.

அதற்கு முன் உங்கள் எல்லையை அறிந்துகொள்ளுங்கள். இலங்கையில் மிருக வைத்தியத் தொழிலை ஒழுங்குபடுத்துவது 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம். நோய் இன்னதென்று நிர்ணயிப்பதும், மருந்து எழுதுவதும், சத்திரசிகிச்சை செய்வதும் பதிவு பெற்ற வைத்தியரின் பொறுப்பு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கணக்கில் படித்துவிட்டு வந்த வைத்தியர் நோயின் பெயரைச் சொல்வார். அவர் அதைச் சரியாகச் சொல்வதற்கு வேண்டிய விபரங்களை, கூட்டாமலும் குறைக்காமலும், அவர் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் வேலை. 'இது பாவோ வைரஸ்தான் போல' என்று வரவேற்பு மேசையில் நீங்கள் சொல்லிவிட்டு, உள்ளே வைத்தியர் வேறொன்றைச் சொன்னால், அந்தக் குடும்பம் இரண்டு பேரையும் நம்பாது. 'ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்' என்பதும் அப்படியே. ஆறுதலாகச் சொன்னாலும் அது நீங்கள் கொடுக்கக்கூடாத ஒரு வாக்குறுதி.

இனிப் பேச்சுக்கு வருகிறேன். பாலையூற்றிலிருந்து ஒரு பெண் துவாயில் சுற்றிய பூனையொன்றைக் கொண்டு வந்தார். பூனையின் முகம் வீங்கி, பாதங்கள் தடித்து, முரசு (பல் ஈறு) கோப்பித்தூள் கரைத்தாற்போல் மண்ணிறமாக இருந்தது. "என்ன மருந்து குடுத்தனீங்கள்?" என்று எங்கள் நிலையத்துப் பையன் கேட்டான். "ஒண்டும் குடுக்கேல்லை" என்றார். அந்தக் கேள்வியில் குற்றச்சாட்டின் வாடை இருந்தது. அவர் பதில் சொல்லவில்லை, தன்னைக் காத்துக்கொண்டார். நான் பக்கத்தில் இருந்துகொண்டு, "அக்கா, மேல் சுட்டா வீட்டில இருக்கிற பனடோலைக் குடுத்துப் பாக்கிறது எல்லாரும் செய்யிறதுதானே, நீங்களும் கொஞ்சம் குடுத்தனீங்களோ?" என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அரைக் குளிசை, பாலில கரைச்சு, நேற்று இரவு" என்றார். பனடோலில் இருக்கும் பரசிற்றமோலைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. அது இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கி, ஒட்சிசனைச் சுமக்க முடியாதபடி செய்துவிடுகிறது; 500 மில்லிகிராம் குளிசை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். நஞ்சை முறிக்கும் மருந்து உண்டு, ஆனால் அது நேரத்தோடு ஏற வேண்டும். அன்று அந்த அரைக் குளிசையின் கதையை வெளிக்கொண்டுவந்தது ஸ்டெதஸ்கோப் அல்ல.

ஆகவே வளர்ப்பவரைத் திட்டாதீர்கள். புழு வைத்த காயத்துக்கு மண்ணெண்ணெய் ஊற்றியிருப்பார்கள், உண்ணிக்குப் பூச்சி உருண்டையை அரைத்துப் பூசியிருப்பார்கள், நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் உண்ணி மருந்தைப் பூனையின் பிடரியில் விட்டிருப்பார்கள். ஒவ்வொன்றும் தீங்கானது. ஆனால் அதைக் கேட்டவுடன் உங்கள் முகம் சுருங்கினால், அடுத்த தடவை அவர்கள் மறைப்பார்கள், அல்லது வரவே மாட்டார்கள். அறிவுரையை வைத்தியம் முடிந்த பிறகு, அடுத்த முறைக்கு என்று சொல்லிக் கொடுக்கலாம். இந்த ஒரு விடயத்தில் நான் சக ஊழியர்களோடு பலமுறை முரண்பட்டிருக்கிறேன். இன்றும் என் நிலைப்பாடு மாறவில்லை.

கேள்விகளைத் திறந்து விடுங்கள். 'சத்தி எடுக்கிறதா?' என்று கேட்டால் 'ஓம்' என்பதோடு நின்றுவிடும். 'எப்போதிலிருந்து சுகமில்லை, முதலில் என்ன கண்டீர்கள், சொல்லுங்கள்' என்று கேட்டுவிட்டு, ஒரு நிமிடமாவது குறுக்கிடாமல் இருங்கள். பிறகு அவர்கள் சொன்ன சொல்லைப் பிரித்துப் பாருங்கள். சத்தி என்றால், வயிற்றை எக்கி எக்கி எடுத்ததா, அல்லது குனிந்தவுடன் சாப்பாடு அப்படியே வழுகி விழுந்ததா? முன்னையது வாந்தி, பின்னையது உணவுக்குழாயிலிருந்து திரும்புவது. வைத்தியர் தேடிப் போகும் திசையே மாறிவிடும். காய்ச்சல் என்றால், யார் எப்படிப் பார்த்தது? மூக்கு காய்ந்திருப்பதைத் தொட்டுப் பார்த்துத்தான் பலரும் சொல்வார்கள், ஆனால் நன்றாகத் தூங்கி எழுந்த நாயின் மூக்கும் காய்ந்துதான் இருக்கும். சாப்பிடவில்லை என்றால், சோற்றைத் தொடவில்லையா, மீன் கொடுத்தும் தொடவில்லையா?

இந்தச் சொற்களிலெல்லாம் ஆபத்தானது 'வெளிக்குப் போகவில்லை' என்பது. திருக்கடலூர்ப் பக்கத்து மீன்பிடிக் குடும்பம் ஒன்று கடுவன் பூனையைக் கொண்டு வந்து, மலம் இறுகிவிட்டது, நேற்றிலிருந்து மணலில் குந்தியிருந்து முக்குகிறது, நல்லெண்ணெய் பருக்கியும் போகவில்லை என்றார்கள். பூனையின் அடிவயிற்றில் தோடம்பழம் அளவில் இறுகிய உருண்டை தட்டுப்பட்டது. அது மலமல்ல, சலப்பை. கடுவனின் சலக்குழாய் ஒடுங்கியது. மணல் போன்ற படிகங்களும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிடும். அடைபட்டால் இரத்தத்தில் பொற்றாசியம் ஏறி, இதயத் துடிப்பு தடுமாறி, இரண்டு மூன்று நாட்களில் பூனை இறந்துவிடும். ஆகவே கடுவன் பூனை முக்குகிறது என்று தொலைபேசியில் கேட்டால், 'கடைசியாகச் சலம் போனதை எப்போது கண்ணால் கண்டீர்கள்?' என்று கேளுங்கள். காணவில்லை என்றால் பின்னேரம் வரை பொறுக்கச் சொல்லாதீர்கள், உடனே கொண்டுவரச் சொல்லுங்கள். இறுகிய சலப்பையை ஒருபோதும் பிசையக் கூடாது. அது வெடித்துவிடும்.

கேட்டதை வளர்ப்பவரின் சொற்களிலேயே அட்டையில் எழுதுங்கள். 'மூன்று நாளாகச் சோர்வு, கழிக்கும்போது இரத்தம் கண்டதாகச் சொல்கிறார்' என்பது பதிவு. 'குடல் அழற்சி' என்பது உங்கள் ஊகம். மிருகத்தைக் கொண்டு வந்தவர் அதற்குச் சாப்பாடு வைப்பவரா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டோவில் நாயோடு ஏற்றிவிடப்பட்ட தம்பிக்குப் பல வேளைகளில் ஒன்றும் தெரியாது. வீட்டில் இருக்கும் அம்மாவைத் தொலைபேசியில் பிடித்துத்தான் கேட்க வேண்டும். நம்முடைய ஊரில் தமிழும் சிங்களமும் பேசுபவர்கள் ஒரே வாங்கில் காத்திருப்பார்கள். சாப்பாடு, தண்ணீர், சலம், மலம், சத்தி, இருமல், தடுப்பூசி ஆகிய ஏழு விடயங்களைப் பற்றியும் கேட்கும் அளவுக்கு இரு மொழியும் உங்களுக்கு வந்தே ஆக வேண்டும். மொழிபெயர்த்துச் சொல்ல வந்த பக்கத்து வீட்டுக்காரர் கதையைத் தன் விருப்பப்படி சுருக்கிவிடுவார்.

பரிசோதனைக்கு வருவோம். கை வைக்கும் முன் கண்ணால் பாருங்கள். வளர்ப்பவர் பேசிக்கொண்டிருக்கும் நேரமே அதற்கு உகந்த நேரம். நாய் எப்படி நடந்து வந்தது, எந்தக் காலில் பாரம் வைக்கத் தயங்குகிறது, தலை ஒரு பக்கம் சாய்கிறதா, சுற்றுப்புறத்தைக் கவனிக்கிறதா என்பதெல்லாம் மேசையில் ஏற்றியவுடன் மறைந்துவிடும். முக்கியமாக, மூச்சை அப்போதே எண்ணிவிடுங்கள். ஓய்வில் இருக்கும் நாய் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 முதல் 30 தரமும், பூனை 20 முதல் 30 தரமும் மூச்செடுக்கும். நாய் வாய் திறந்து இளைப்பது வெயிலினாலும் பயத்தினாலும் இருக்கலாம். பூனை வாய் திறந்து மூச்சு வாங்கினால் அது வேறு கதை: எடையும் வேண்டாம், வெப்பநிலையும் வேண்டாம், பூனையை அசைக்காமல் உடனே வைத்தியரைக் கூப்பிடுங்கள். மூச்சுத் திணறும் பூனையை வெப்பமானி வைப்பதற்காக மல்லுக்கட்டிப் பிடித்து, பிடித்த கையிலேயே உயிர் போனதை ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு வருகையிலும் நிறுத்துப் பாருங்கள். தராசில் நிற்காத நாயை வளர்ப்பவர் தூக்கிக்கொண்டு ஏறட்டும், பிறகு அவர் மட்டும் ஏறட்டும், வித்தியாசமே நாயின் எடை. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது என்பதால், கண் மதிப்பில் எழுதிய 'சுமார் 12 கிலோ' என்ற குறிப்பை நான் ஏற்பதில்லை. நிறுத்த கையோடு விலாவைத் தடவிப் பார்த்து, எலும்பு எளிதில் தட்டுப்படுகிறதா, கொழுப்புக்குள் தேட வேண்டியிருக்கிறதா என்று எழுதுங்கள்.

நாயை நேருக்கு நேர் குனிந்து அணுகாமல், பக்கவாட்டில் குந்தி இருந்து, அது உங்களை மோந்து பார்க்க விடுங்கள். ஐயமிருந்தால் வாயைக் கட்டிவிடுவது நாய்க்கும் நல்லது. கட்டுத்துணியை மூக்கின் மேல் ஒரு முடிச்சாகப் போட்டு, தாடைக்குக் கீழே பின்னி, காதுகளுக்குப் பின்னால் அவிழ்க்கக்கூடிய முடிச்சாகக் கட்டுவது வழக்கம். சப்பை மூக்கு நாய்க்கும், சத்தி எடுக்கும் நாய்க்கும், மூச்சு வாங்கும் நாய்க்கும் இது ஆகாது. நாய் உடல் வெப்பத்தை இளைத்துத்தான் தணிக்கிறது என்பதால், மற்ற நாய்களுக்கும் சில நிமிடங்களுக்கு மேல் கட்டி வைக்காதீர்கள். வளர்ப்பவரை நாயின் தலைப்பக்கம் பிடிக்க விடாதீர்கள். அவரைக் கடித்தாலும் பொறுப்பு நிலையத்துக்குத்தான்.

வெப்பநிலையை எண்ணெய் தடவிய வெப்பமானியால் மலவாயில் எடுக்க வேண்டும், முனை சுவரில் படும்படி சற்றுச் சாய்த்து. நாய்க்கு 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ், அதாவது 101 முதல் 102.5 பாரன்ஹைற், பூனைக்குக் கீழெல்லை சிறிது குறைவு. மனிதக் கணக்கில் இது காய்ச்சல் என்பதால் புதிதாக வருபவர்கள் முதல் நாளில் எல்லா நாய்க்கும் காய்ச்சல் என்று எழுதி வைப்பதுண்டு. நாடியைத் தொடையின் உட்புறத்தில் விரல் நுனிகளால் பிடியுங்கள், பெருவிரலால் வேண்டாம். ஒரு கையால் நாடியையும், மறு கையில் ஸ்டெதஸ்கோப்பை இடது முழங்கைக்குப் பின்னால் வைத்து இதயத்தையும் ஒரே நேரத்தில் கவனியுங்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு நாடி வர வேண்டும், வராமல் போனால் உடனே சொல்ல வேண்டும். பெரிய நாய்க்கு 60 முதல் 100, சிறிய நாய்க்கு 140 வரை, நிலையத்துக்கு வந்து பயந்த பூனைக்கு 140 முதல் 220 வரை. நாயின் துடிப்பு மூச்சை இழுக்கும்போது விரைந்து, விடும்போது தாமதித்தால் அது பெரும்பாலும் இயல்பே. பூனை 'குர்ர்' என்று மெல்ல உறுமிக்கொண்டே இருந்தால் இதயம் கேட்காது. பக்கத்துக் குழாயைத் திறந்து தண்ணீரை ஓட விடுங்கள், பெரும்பாலானவை நிறுத்திவிடும்.

முரசை நான் எதற்கும் மேலாக மதிக்கிறேன், ஏனென்றால் அதைப் பார்க்க உதட்டைத் தூக்கும் ஒரு கை மட்டும் போதும். ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெளிறிய இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். தாமதித்தால் இரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது. வெளுத்த முரசு நம்முடைய ஊரில் முதலில் உண்ணியை நினைவூட்ட வேண்டும்: உண்ணி கடத்தும் கிருமிகளில் பேபேசியா சிவப்பணுக்களை உடைக்கிறது, ஏர்லிக்கியா இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைக்கிறது. மஞ்சள் என்றால் ஈரல், அல்லது உடைந்த சிவப்பணுக்கள், அல்லது எலிக்காய்ச்சல். கடைசியானது மனிதருக்கும் தொற்றும் என்பதால் அந்த நாயின் சலத்தைக் கையுறை இல்லாமல் துடைக்காதீர்கள். செங்கல் போலச் சிவந்திருந்தால் வெப்பத் தாக்கு அல்லது கடும் தொற்று. ஊர் நாய்கள் பலவற்றுக்கு முரசு பிறவியிலேயே கறுப்பு; அப்போது கண்ணின் கீழ் இமையை இழுத்து உட்புறத்தைப் பாருங்கள்.

மற்றவற்றைத் தலையிலிருந்து வால் வரை ஒரே ஒழுங்கில் செய்யுங்கள், ஒழுங்கு மாறினால் ஏதாவது ஒன்று விடுபடும். கண், காது, பல், தாடைக்குக் கீழும் தோளுக்கு முன்னாலும் முழங்காலுக்குப் பின்னாலும் உள்ள நிணநீர்க் கட்டிகள், வயிறு, தோல், பாதம். தோளின் மேல் தோலைத் தூக்கி விட்டு எவ்வளவு விரைவாகப் படிகிறது என்று பார்த்து நீரிழப்பை மதிப்பிடலாம், ஆனால் உடல் எடையில் ஐந்து வீதத்துக்குக் குறைந்த இழப்பு இதில் தெரியாது, கிழடான மெலிந்த நாயிலோ நீரிழப்பு இல்லாமலேயே தோல் மெதுவாகப் படியும். கரையோரத்து நாயிலும் பூனையிலும் நாக்கின் அடியை மறக்காமல் பாருங்கள். மீன் தலையோடு தூண்டில் முள்ளை விழுங்கிவிட்டு, தங்கூசி நூல் வாயில் தொங்க வருவதுண்டு. அந்த நூலை இழுக்கக் கூடாது, வெட்டவும் கூடாது. இழுத்தால் முள் உள்ளே கிழிக்கும், வெட்டினால் வைத்தியர் பிடிக்க முனை இராது.

பூனைக்கு வருகிறேன். கூடை வைத்திருப்பவர்கள் சிலர். உரப்பையில் போட்டு வாயைக் கட்டிக்கொண்டு வருபவர்கள் பலர். நாய்கள் குரைக்கும் அறையில் அதை நிலத்தில் வைக்க விடாதீர்கள். உயரமான இடத்தில், துவாயால் மூடி வையுங்கள். மேசைக்கு வந்ததும் கவிழ்த்துக் கொட்டாதீர்கள். கதவையும் யன்னலையும் சாத்திவிட்டு, பையின் வாயைத் திறந்து, அது தானாக வெளியே வரப் பொறுங்கள். பிடரியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்குவதையே எங்களுக்குப் பழக்கினார்கள். இப்போது அதைத் தவிர்க்கவே பூனை வைத்தியத் துறையினர் சொல்கிறார்கள், என் அனுபவமும் அதுவே. பயந்த பூனையைப் பிடரியில் பிடித்தால் அது அடங்கியது போலத் தெரிந்து, விடும்போது பாயும். தடித்த துவாயால் தோளையும் முன்னங்கால்களையும் சேர்த்துச் சுற்றி, தேவையான பகுதியை மட்டும் வெளியே எடுத்துப் பாருங்கள். காது பின்னால் மடிந்து, வால் அடிக்கத் தொடங்கினால் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். பூனையைப் பிடிக்க நாலு பேர் வேண்டியிருந்தால் அங்கே கைகள் கூடிவிட்டன என்று அர்த்தம். மயக்க மருந்து தேவையா என்று வைத்தியரைக் கேட்கும் நேரம் அது.

ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று வீசும் நாட்களில் ஒரு தனி எச்சரிக்கை வேண்டும். தகரக் கூரைக்குக் கீழ் கட்டப்பட்ட நாயும், பூட்டிய வாகனத்துக்குள் விடப்பட்ட நாயும் 41 பாகைக்கு மேல் ஏறிய உடம்போடு வரும். கொண்டு வரும் வழியிலேயே சாதாரணத் தண்ணீரால் நனைத்து, காற்றுப் படும்படி வைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஐஸ் கட்டிக்குள் புதைக்க வேண்டாம். நிலையத்தில் 39.4க்கு இறங்கியவுடன் நனைப்பதை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அளவுக்கு மீறிக் குளிர்ந்துபோகும்.

உங்கள் பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வேலையில் சேரும் முன் விசர்நாய்க்கடிக்கான முற்காப்புத் தடுப்பூசியைப் பற்றி வைத்தியசாலையில் கேட்டு ஏற்றிக்கொள்ளுங்கள். கடியோ கீறலோ பட்டால், ஓடும் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் 15 நிமிடம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள், தடுப்பூசி ஏற்றியிருந்தாலும். விழுங்க முடியாமல் வீணீர் வடிக்கும் நாயைக் கண்டால் தொண்டையில் எலும்பு என்று நினைத்து வெறுங்கையை வாய்க்குள் விடாதீர்கள். இரத்தக் கழிச்சலோடு வரும் குட்டியை மற்றக் குட்டிகள் இருக்கும் வாங்குக்குக் கொண்டு போகாமல் பின்வாசலால் எடுங்கள். பாவோ வைரஸ் சாதாரண கிருமிநாசினிகள் பலவற்றுக்கு அசையாது, இடத்தை நன்றாகக் கழுவிய பின் குளோரின் கரைசலைப் பத்து நிமிடமாவது ஊற விட வேண்டும்.

கடைசியாக, மருந்தோடு அனுப்பும் நேரம். அப்போது வளர்ப்பவர் காசை எண்ணிக்கொண்டோ, ஓட்டோவைக் கூப்பிட்டுக்கொண்டோ இருப்பார். நீங்கள் சொல்வதில் பாதி காதில் ஏறாது. 'ஒரு நாளைக்கு இரண்டு தரம்' என்பதைக் காலை ஏழு, இரவு ஏழு என்று மணியாகவே எழுதுங்கள். பூனைக்கு டொக்சிசைக்கிளின் குளிசை கொடுத்தால் பின்னால் 5 மில்லிலீற்றர் தண்ணீர் பருக்கச் சொல்லுங்கள், குளிசை உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாக்கும். பாணி மருந்துக்குக் கரண்டி வேண்டாம், ஊசி இல்லாத சிரிஞ்சைக் கொடுங்கள். கொடுத்த பிறகு, விளங்கியதா என்று கேட்காமல், 'எனக்கு ஒருக்கால் இழுத்துக் காட்டுங்கோ, ஐயா' என்று கேளுங்கள். சென்ற மாதம் சாம்பல்தீவிலிருந்து வந்த முதியவர் ஒருவர் தலையை ஆட்டி ஆட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இரண்டுக்கு இழுக்க வேண்டிய மருந்தை நிதானமாக மூன்றில் கொண்டுபோய் நிறுத்தினார். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். இரண்டாம் கோட்டில் வெள்ளைப் பிளாஸ்ரர் துண்டொன்றைச் சுற்றி ஒட்டினேன்; அதை விரல் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி இழுத்தார், சரியாக நின்றது.